கல்லா, மணலா, மேடா, இடமாற்றமா? கடல் ஏறும் ஊர் எதைக் கேட்பது

ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், புதுச்சேரிக்கு வடக்கே ஒரு குப்பத்தில் மனு எழுத உட்கார்ந்தோம். வலை போட்டு வைக்கும் கொட்டகையில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர். கலெக்டருக்குப் போகும் மனு. "எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு அமைத்துத் தர வேண்டும்" என்று தொடங்கச் சொன்னார் ஊர்த் தலைவரான நாட்டார். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர்தான் தூண்டில் வளைவு. எழுதிக்கொண்டிருக்கும்போதே, தூணோரம் நின்ற மீன்காரம்மா ஒருவர் குறுக்கே கேட்டார்: "தெக்கால ஊர்ல வளைவு போட்டதும் மணல் ஒதுங்குச்சே தம்பி, அது எங்கேருந்து வந்த மணல்? நமக்கு வரவேண்டியதுதானே அங்க நின்னுச்சு? இப்ப நாம போட்டா வடக்கால ஊருக்கு என்ன ஆகும்? என் பொண்ணை அங்கதான் குடுத்திருக்கேன்."

அன்றைக்கு மனு முடியவில்லை. நாட்டார் கோபப்படவில்லை. "அந்தக்கா கேக்குறது நியாயம். விசாரிச்சுட்டு எழுதுவோம்" என்று சொல்லி எழுந்துவிட்டார். அப்படி விசாரித்ததில் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மனுவை எழுத வேண்டிய ஊர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்ததில், தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 விழுக்காடு அரிப்பில் இருக்கிறது. புதுச்சேரியில் அது 56 விழுக்காடு.

ஒரு ஊர் கேட்கக்கூடியவை நான்கு: கல், மணல், செடியும் மேடும், வேறு இடத்தில் வீடு. ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேட்டோம். இந்த மழைக்காலத்தில் வீடு தப்புமா? படகு ஏற இடம் இருக்குமா? வடக்கு ஊருக்கு என்ன ஆகும்?

மூன்றாவது கேள்வி ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கும், மணல் கரையை ஒட்டியே வடக்கே நகரும். ஐப்பசி கார்த்திகையில் வாடை எழுந்தால் கொஞ்ச நாள் தெற்கே திரும்பும். வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால் வருடக் கணக்கில் மிச்சம் வடக்குதான். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே எதை நீட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டியபோது தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஏறியது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் நீண்டபோது அதேதான் நடந்தது. நகரத்துக் கடற்கரை முதலில் போனது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக நகர்ந்தது. கல்லும் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது.

கல்

கல்லைக் கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சமையல்கட்டுச் சுவர் அலையில் விழுந்து கிடக்கிற வீட்டில் நின்றுகொண்டு செடி நடலாம் என்று யார் சொல்ல முடியும்? முதல் கேள்விக்கு நேரான பதில் கல்தான். கேரளத்தில் செல்லானம் அதற்குச் சாட்சி. வருடா வருடம் கடல்நீர் வீட்டுக்குள் நின்ற அந்த ஊரில், 344 கோடி ரூபாயில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னால் இருந்த வீடுகள் தப்பின. ஆனால் சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலிக்காரர்கள் தெருவில் இறங்க வேண்டியதாயிற்று, சுவரை எங்கள் ஊர் வரை நீட்டுங்கள் என்று. அந்தம்மா கொட்டகையில் கேட்ட கேள்விதான் அங்கே போராட்டமாக நிற்கிறது.

செலவையும் பாருங்கள். கிலோமீட்டருக்கு 45 கோடிக்கு மேல் வருகிறது. சாதாரணக் கருங்கல் கொட்டினால் இவ்வளவு ஆகாது, ஆனால் கருங்கல் மணலில் இறங்கும். சில வருடத்தில் மேலே மறுபடியும் கொட்ட வேண்டும்.

படகு என்ற கேள்வியில்தான் கல் சுவரும் தூண்டில் வளைவும் பிரிகின்றன. கரைக்கு இணையாகப் போகும் சுவர் வீட்டைக் காக்கும், ஆனால் சுவருக்கு முன்னால் இருக்கிற கொஞ்ச மணலையும் அலை திருப்பி அடித்து அள்ளிக்கொண்டு போகும். ஃபைபர் படகை ஏற்ற இடம் இருக்காது, கரைவலை இழுக்கக் கால் ஊன்ற இடம் இருக்காது. கருவாடு எங்கே காயும்? தூண்டில் வளைவு கடலுக்குள் நீளும். நன்றாக அமைந்தால் நடுவில் கொஞ்சம் மணல் நிற்கும், அலை அடங்கிப் படகு இறங்க வசதியாக இருக்கும். கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்கள் அதைக் கேட்டு நிற்பதற்கு இதுதான் காரணம். ஆனால் அந்த வசதிக்கான விலையை வடக்கு ஊர்தான் கொடுக்கிறது. கரை மேலாண்மைத் திட்டம் இல்லாமல் தூண்டில் வளைவுகளைப் போட்டுக்கொண்டே போகக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் சொன்னதும் இதனால்தான்.

மணல்

நான் அதிகம் நம்புவது இதைத்தான். அதிகம் போராட வேண்டியிருப்பதும் இதற்குத்தான்.

துறைமுக முகத்துவாரத்தில் சேரும் மணலை எப்படியும் தூர்வாரியாக வேண்டும், இல்லையென்றால் படகு போகாது. அந்த மணல் வடக்கு ஊர்களுக்குச் சேர வேண்டியது. வாரி எடுத்ததை வடக்கே கொண்டுபோய்க் கரையில் கொட்டினால், சுவர் மறித்த மணலைச் சுவரைத் தாண்டிக் கடத்திவிட்ட மாதிரி. புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலேயே மணலை இறைத்து வடக்கே கொடுக்கும் ஏற்பாடு இருந்தது, அது ஒழுங்காக ஓடவில்லை. ஓடியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியே இருந்திருக்காது.

மணல் திரும்பும் என்பதற்கு எங்கள் கண்ணெதிரிலேயே அத்தாட்சி இருக்கிறது. புதுச்சேரியில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே பல வருடமாகக் கருங்கல்தான் கிடந்தது. 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அங்கே தண்ணீருக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு எஃகுக் கட்டமைப்பை இறக்கியது. தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், குழந்தைகள் மணலில் வீடு கட்டி விளையாடுகின்றன. தொலைந்த கடற்கரையைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதை நேரில் காட்ட, எங்கள் ஊர்ப் பையன்களை அங்கேதான் கூட்டிப்போனேன். "இது டவுனுக்கு முடியும்னா நமக்கு ஏன் முடியாது அண்ணே?" என்று ஒருவன் கேட்டான். சரியான கேள்வி.

முடியாததற்கு இரண்டு காரணம். மணல் ஒருமுறை போட்டு முடிகிற வேலை இல்லை, வருடா வருடம் தொடர வேண்டும். கல் கொட்டினால் திறப்பு விழா வைக்கலாம், மணலுக்கு யார் விழா எடுப்பார்கள்? இரண்டாவது காரணம் எல்லை. புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. அப்புறம் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. துறைமுகம் ஒரு அரசாங்கத்திடம், அதனால் கரைந்த ஊர்கள் பாதி இன்னொரு அரசாங்கத்திடம். மணலுக்கு எல்லை தெரியாது, ஃபைலுக்குத் தெரியும்.

மேடும் செடியும்

அரிப்பு என்றாலே அலையாத்தி நடுவோம் என்று வந்துவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் அலை நேராக வந்து உடைகிற திறந்த மணற்கரையில் அலையாத்தி நிற்காது. சேறும் உப்பும் நன்னீரும் கலக்கிற முகத்துவாரத்தில்தான் அது வளரும். பிச்சாவரம், முத்துப்பேட்டை போல, எங்கள் பக்கத்தில் கழுவெளி ஏரி கடலோடு சேரும் மரக்காணம் போல.

அப்படி இடம் உள்ள ஊர்கள் பிச்சாவரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மொத்தமாக வெட்டியதில் காடு இருந்த தரை வெயிலில் காய்ந்து, நடுவில் தொட்டி மாதிரி குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியேற முடியாமல் தேங்கி, உப்பு ஏறி, நட்டதெல்லாம் செத்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். தண்ணீர் வந்துபோகத் தொடங்கியதும் செடி பிடித்தது. அங்கே வாய்க்காலில் சேறு அடைக்காமல் பார்த்துக்கொண்டது ஊர். செடியின் கணக்கைவிட அந்த ஏற்பாடுதான் நாம் கற்க வேண்டியது.

திறந்த கரைக்குச் சொந்தமானது மணல்மேடு. நெய்தல் திணைப் பாட்டுகளில் வருகிற அடும்பு இன்றும் நம் கரையில் அடம்பாகப் படர்ந்து ஊதாப் பூ பூக்கிறது. அதோடு ராவணன் மீசைப் புல். இரண்டும் காற்றில் வருகிற மணலைப் பிடித்து மேடாக்கும். பெரிய அலை வரும்போது மேடு தன் மணலை விட்டுக்கொடுத்து அலையின் வேகத்தைக் குறைக்கும், பிறகு காற்று மறுபடியும் மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். மேடு இருந்த ஊர்களுக்கும் இல்லாத ஊர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை 2004 டிசம்பர் 26 காட்டியது. வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில் 2002-ல் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டு கின்னஸ் சாதனை செய்தார்கள். இரண்டு வருடத்தில் சுனாமி வந்தபோது அந்தத் தோப்பு ஊருக்கு முன்னால் நின்றது.

ஆனால் சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் மேட்டைச் சமமாக்கிவிட்டு சவுக்கு நட்டார்கள், அது தவறு. மேட்டை வெட்டி மரம் வைப்பது கூரையைப் பிரித்துக் குடை பிடிக்கிற கதை. மரம் மட்டும் போதாது என்பதை 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சொல்லிவிட்டுப் போனது. வேதாரண்யம் பகுதியில் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததை மறக்க முடியுமா?

செலவு என்று பார்த்தால் மேட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அடம்பு வெட்டி நடலாம், ஓலைத் தட்டி கட்டி மணலை நிறுத்தலாம், ட்ராக்டர் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். படகு ஏற வழி விட்டு மேடு விடலாம். வடக்கு ஊருக்குக் கெடுதலும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, மேடு உட்காரக் கரையில் அகலம் வேண்டும். வீட்டு வாசலுக்கு அலை வந்துவிட்ட ஊரில் அந்த அகலம் இல்லை. அங்கே முதலில் மணல் வர வேண்டும், பிறகுதான் செடி. அகலம் இன்னும் மிச்சம் இருக்கிற ஊர்கள் இன்றைக்கே மேட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ரிசார்ட்டுக்காரர் கடல் தெரியவில்லை என்று மேட்டை வெட்டும்போது தடுக்கச் சட்டம் இருக்கிறது, கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகளில் மணல்மேடு முதல் வகையில் வருகிறது.

இடமாற்றம்

இதைப் பேச எங்கள் கொட்டகையில் யாரும் விரும்பவில்லை. பேசித்தான் ஆக வேண்டும். ஒடிசாவில் சதபாயா ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கடைசியில் 2018-ல் 571 குடும்பங்களை பாகபதியாவுக்கு மாற்றினார்கள். கேரளத்தில் புனர்கேகம் திட்டத்தில், கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருப்பவர்கள் விரும்பினால் இடமும் வீடுமாக 10 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் வந்த 172-ஆம் எண் அரசாணை, 200 மீட்டருக்குள் இருந்தவர்களிடம் ஒரு தேர்வை வைத்தது. தள்ளிப் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் புது வீடு. போக விரும்பாதவர்கள் அங்கேயே இருக்கலாம், ஆனால் பழுதைத் தங்கள் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போனவர்களுக்கு என்ன ஆனது? சென்னையிலிருந்து செம்மஞ்சேரிக்குப் போன குடும்பங்களிடம் கேளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கடலைப் பார்த்துத்தான் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். வீட்டிலிருந்து கடல் தெரியவில்லை என்றால் இஞ்சினையும் வலையையும் யார் காப்பது? மீன் வாங்கி விற்கிற பெண்ணுக்குக் கரைக்கு வரவே பஸ் செலவு.

அதனால் இடமாற்றமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நடந்து போகிற தூரத்தில், விரும்புகிற குடும்பத்துக்கு மட்டும், விட்டுப்போகிற கரை ஊர்ப் பொதுவாகவே இருக்கும் என்று எழுத்தில் கொடுத்தால் பேசலாம். இந்தக் கடைசி நிபந்தனையை விட்டுக்கொடுக்கவே கூடாது. நாம் காலி செய்த இடத்தில் பத்து வருடம் கழித்து நீச்சல் குளம் வந்தால் நம் பிள்ளைகள் நம்மைத்தான் கேட்பார்கள்.

எதைக் கேட்பது, யார் கேட்பது

எங்கள் மாதிரி, துறைமுகத்துக்கு வடக்கே திறந்த கரையில் இருக்கிற ஊருக்கு என் முடிவு இது. முதல் கோரிக்கை மணல், வருடா வருடம். அதோடு சேர்த்து மேடு. வீடு விழும் நிலையில் இருக்கிற இடத்தில் மட்டும் கல், அதுவும் வடக்கு ஊரின் ஒப்புதலோடு, அந்த ஊருக்கும் மணல் போடுவோம் என்ற உறுதியோடு. இடமாற்றம் குடும்பத்தின் விருப்பம்.

இதை ஒரு ஊர் தனியாகக் கேட்க முடியாது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. ஒரு அலுவலகத்தில் எங்களிடம் சொன்னார்கள்: "உங்க ஊர் பேர்ல மட்டும் மனு குடுங்க, அப்பதான் வேலை சீக்கிரம் ஆகும்." உண்மைதான். ஒரு ஊர் கேட்டால் ஒரு ஊருக்குள் முடிகிற வேலைதான் கிடைக்கும், அது கல். மணல் கேட்க வேண்டுமானால் மணல் ஓடுகிற நீளம் முழுக்க உள்ள ஊர்கள் கேட்க வேண்டும்.

அப்படியானால் எந்தச் சபையில் முடிவு எடுப்பது? மீனவர்களின் ஊர் பஞ்சாயத்துக்குப் பலம் வேகம். நாட்டார் சொன்னால் நாளைக்கு ஒரு படகும் இறங்காது, தலைக்கட்டு வரி போட்டு ஒரே வாரத்தில் வழக்குச் செலவுக்குப் பணம் சேரும். ஆனால் அதில் பெண்களுக்கு இடமில்லை, அன்றைக்கு அந்தம்மா தூணோரம் நின்றுதான் பேசினார். கடலில் இறங்காத மற்ற தெருக்காரர்களும் இல்லை. கிராம சபைக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. 501-லிருந்து 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால் போதும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தத் தீர்மானத்தை நீதிமன்றத்தில் காட்டலாம். குறை என்னவென்றால், பல ஊராட்சிகளில் உள்ளே இருக்கிற விவசாயத் தெருக்கள்தான் பெரும்பான்மை, கடல் அவர்களுக்குத் தூரம். புதுச்சேரி அரசுக்குள் வரும் ஊர்களுக்கு அதுவும் இல்லை, அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல்.

பல ஊர்க் கூட்டமைப்பு என்றால் நாட்டார்களே சிரிக்கிறார்கள். மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைப் பிரச்சினையில் இதே ஊர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவை. அந்தச் சண்டை இன்னும் ஆறவில்லை. அதனால் பெரிய கூட்டம் போடவில்லை. கயிறிலிருந்து தொடங்கினோம்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், கோயில் மதிலின் கிழக்கு மூலையிலிருந்து ஈர மணல் தொடங்கும் கோடு வரை ஒரு நைலான் கயிற்றைப் பிடித்து அளப்பது, அவ்வளவுதான். மதில் மூலையில் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி. ஒருவன் புள்ளியில் கயிற்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிப்பான், இன்னொருவன் நடந்து போவான், மீன்காரம்மாவின் பேத்தி நோட்டில் எழுதுவாள். கார்த்திகை முழுக்க ஒவ்வொரு முறையும் கயிறு கொஞ்சம் மிச்சம் வந்தது. அந்த மிச்சத்தில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். முடிச்சுகள் மதிலை நெருங்கி நெருங்கி வருவதைப் பார்த்த அன்றைக்கு நாட்டாரே, "இதே மாதிரி வடக்கு ஊர்லயும் அளக்கச் சொல்லணும்பா" என்றார். கூடவே வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் இடம், கருவாட்டுத் திட்டு எல்லாவற்றையும் போனில் குறித்து வரைபடமாக்கினோம். 1:4000 அளவில் போடும் உள்ளூர் வரைபடத்தில் மீனவர் பொது இடங்களைக் காட்ட வேண்டும் என்பது கடலோர விதியிலேயே இருக்கிறது. நாம் காட்டாவிட்டால் அது காலி நிலம் என்று பதிவாகிவிடும்.

மனுவைத் திருப்பி எழுதியாயிற்று. அனுப்புநர் இடத்தில் மூன்று ஊர்ப் பேருக்குக் கோடு போட்டிருக்கிறோம், இரண்டு நிரம்பியிருக்கிறது. மார்ச் 22 கிராம சபையில் வைக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாட்டாரும் அந்தம்மாவும் வடக்கு ஊருக்குப் போகிறார்கள். மகள் வீட்டில்தான் முதலில் இறங்குவதாகப் பேச்சு. முடிச்சுப் போட்ட கயிற்றையும் பையில் எடுத்து வைத்திருக்கிறார்கள்.